நாலு தூண் பேங்க்

"சார், சார்! அந்தத் தூணத் தட்டாதீங்க. பெயிண்ட் ஈரம்!"

மேனேஜர் ஓடிவந்து மூன்றாவது தூணுக்குக் குறுக்கே நின்றார். மரபுக் கட்டடங்களைச் சோதிக்கும் அதிகாரி, ஓங்கிய சுத்தியலை இறக்கினார்.

"பாத்தா காஞ்ச மாதிரி இருக்கே?"

"வெளிய காஞ்சிருக்கு சார். உள்ள ஈரம்."

உள்ளே ஈரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போன வருடம் மேனேஜர் காரை ரிவர்ஸ் எடுத்ததில் அசல் கல் தூண் மூன்று துண்டாகிவிட்டது. நல்லவேளை, அன்றிலிருந்து மூன்று நாள் விடுமுறை. நாடகத்துக்கு செட் போடும் தச்சரைப் பிடித்து, பிளைவுட்டில் அதே போல் ஒரு தூண் செய்து நிறுத்தி, வெளியே மூச்சு விடுவதில்லை என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

இன்று சான்றிதழ் கிடைத்தால் கட்டடம் பிழைக்கும். இல்லாவிட்டால் இடித்துவிட்டு, கிளையை அடுத்த ஊரோடு சேர்த்துவிடுவார்கள். 'இன்னொரு டிரான்ஸ்ஃபர்னா நீங்க மட்டும் போங்க' என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்.

அதிகாரி தெருவில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கட்டடம் சின்னதுதான். ஆனா முகப்பப் பாருங்க! நூறு வருஷம் முன்னாடி பேங்க்னாலே ஜனங்களுக்குப் பயம். அதான் அரண்மனை மாதிரி நாலு தூண வச்சாங்க. பாத்ததும் நம்பிக்கை வரணும்ல? மேல அந்த முக்கோணம் பூரா கல்லு. எட்டு டன்னாவது இருக்கும். நாலு தூணும் அத எப்படி அலுங்காம தாங்குது!"

"தாங்குது சார்" என்றார் மேனேஜர்.

மறுபடி படியேறிய அதிகாரி இரண்டாவது தூணை நெருங்கினார். கேஷியர் அம்மா டீயோடு குறுக்கே வந்தார்.

"முதல்ல இதக் குடிங்க சார். ஆறிடும்."

அதிகாரி குடித்து முடித்த பிறகும் கேஷியர் அம்மா அந்தத் தூணை விட்டு நகரவில்லை. நான்காவது தூணிலோ காவலாளி முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல தேன்கூடு இருக்கு சார். தட்டினா மொத்தமா கொட்டிடும்."

தேன்கூடு எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. கேட்காமலே தன்னைக் காப்பாற்றுகிறார்களே என்று மேனேஜருக்குக் கண் கலங்கியது. இனிமேல் இவர்கள் லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்கக்கூடாது என்று முடிவு செய்தார். தைரியமும் வந்தது.

"முதல் தூணத் தட்டிப் பாருங்களேன் சார்."

"அது வேணாம்." அதிகாரி அவசரமாகச் சுத்தியலைப் பைக்குள் போட்டார். "அத இருபது வருஷம் முன்னாடியே தட்டிப் பாத்துட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

பேனா காகிதத்தைத் தொடும் நேரத்தில் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. தச்சர்!

"சான்றிதழ் தர்றாங்களாமே சார்? அதுல என் பேரும் வரணும்" என்றபடி தச்சர் படியேறி வந்தார். "எத்தன வருஷந்தான் வாயக் கட்டிக்கிட்டு இருக்கறது? காவலாளி அண்ணன் துப்பாக்கி தவறி வெடிச்சதே, அப்ப நாலாவது தூணு செஞ்சேன். கேஷியர் அம்மா ஸ்கூட்டர் பழகினப்ப ரெண்டாவது. மேனேஜர் சாருக்கு மூணாவது. முதல் தூணு..."

அதிகாரியை உற்றுப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அட, சுத்தியல் சார்! சௌக்கியமா?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் மெதுவாக அண்ணாந்தார்கள்.

"மேல இருக்கறதும்..." அதிகாரி ஒரு படி பின்னால் இறங்கினார். "அதுவும் நீங்க செஞ்சதுதானே?"

"சேச்சே! அது அசல் கல்லு சார். அத நான் தொட்டதே இல்ல."