முதல் புதன்கிழமை

சங்கு ஊதத் தொடங்கியபோது எல்டன் ரொட்டிக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

நான்தான் எழுந்து நின்றுவிட்டேன். நான் கடலோரத்தில் பிறந்தவள். உள்நாட்டுச் சமவெளிகளில் வீசும் டொர்னாடோ என்னும் சுழல்காற்று வருகிறதென்று ஊரை எச்சரிக்கும் அந்தச் சங்கைச் சினிமாவில்தான் கேட்டிருந்தேன்.

"பயப்படாதே நார்மா. சும்மா ஊதிப் பாக்கறாங்க."

நெப்ராஸ்காவின் இந்த ஊரில்தான் அவர் பதினெட்டு வயதுவரை வளர்ந்தார். மாதத்தின் முதல் புதன்கிழமை, மதியம் பன்னிரண்டுக்குச் சங்கைச் சோதிப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூடத் தலை நிமிராதாம்.

மணி பன்னிரண்டு பத்து என்றேன்.

"எங்க ஊர்ல சங்குகூட லேட்டாத்தான் வரும்."

இன்று புதன்தானா என்று கேட்டேன். காருக்குப் பின்னால் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு கிளம்பி இரண்டு வாரம். வழியில் அதன் டயர் வெடித்து, எதையும் எடுக்காமல் அதை அப்படியே பட்டறையில் விட்டுவிட்டு ஒரு நாள் விடுதியில் தங்கியதிலிருந்தே எனக்குக் கிழமை குழம்பியிருந்தது.

அவர் கத்தியால் சுவரைக் காட்டினார். டிரெய்லர் ஓடும்போது உருண்டு விழாமலிருக்க அவரே திருகி மாட்டிய மாத்திரைப் பெட்டி. கிழமைக்கு ஓர் அறை. செவ்வாய்வரை காலி, புதன் அறையில் இரண்டு மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?" என்று அவற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சலவை அறை இயந்திரத்தில் துணி காய்ந்திருக்கும், எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து சாப்பிடலாம் என்றார்.

வெளியே ஓர் இலை அசையவில்லை. மரங்களுக்கு அப்பால் வானம் கன்றிப்போன காயம்போலப் பச்சையாக இருந்தது.

சலவை அறை, ஜன்னல் இல்லாத கான்கிரீட் கட்டடம். வாசலில் நின்ற, டிரெய்லர்களை நிறுத்தும் இந்த முகாமின் சொந்தக்காரி டார்லீன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தரையில் எட்டுப் பத்துப் பேர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் நாய்.

அவர்களைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவர் இந்த ஊர்க்காரர், டிரெய்லரில் நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"முதல் புதன்கிழமை சோதனைதானே இது?"

டார்லீன் உடம்பின் முழு பாரத்தையும் கொடுத்து இரும்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அது நேத்தே முடிஞ்சிடுச்சும்மா."