நிற்காத டிராம்

பெர்லின் நகரத்தின் ஒரு நாளைக் காட்டும் ஊமைப் படத்துக்கு ஹெர்மீனே படச்சுருளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். "டிராம் நிக்கறதெல்லாம் எதுக்கும்மா? தூக்கிடு. ஊரே பறக்கணும்!" என்றார் இயக்குநர். தன் வீட்டுத் தெருமுனையில் டிராம் நிற்கும் துண்டை அவள் வெட்டிக் கூடையில் போட்டாள்.

அன்று மாலை அவள் காத்து நின்ற அதே முனையில் டிராம் நிற்காமல் போனது. ஜன்னலோரம் அவள் கணவன் புரூனோ, மடியில் சுடச்சுட ரொட்டியோடு, தொப்பியைத் தூக்கிச் சிரித்தான்.

"ஏன் நிக்காமப் போகுது?" என்று பூக்காரியிடம் கேட்டாள்.

"இங்க என்னைக்கும்மா நின்னுருக்கு?"

ஸ்டுடியோவுக்கு ஓடினாள். கூடை காலி. வெட்டிய துண்டுகளை, படச்சுருளில் பூசியிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க அனுப்பிவிட்டார்களாம்.

ஏழு வருடமாகத் தினமும் மாலை ஆறு மணிக்குப் புரூனோ தொப்பியைத் தூக்கியபடி கடந்துபோகிறான். மடியிலிருக்கும் ரொட்டியில் இன்னும் ஆவி பறக்கிறது.