திரும்பிப் பார்க்காதவர்

"பொண்டாட்டியை நடுரோட்டுல விட்டுட்டு அவர் பாட்டுக்குப் போறாரு பாருங்க. இவரெல்லாம் ஒரு மனுஷன்."

கணக்கு டீச்சர் சைக்கிளை மிதித்தபடியே சொன்னார். பக்கத்தில் வந்த மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

"விடுங்க டீச்சர். புருஷன் பொண்டாட்டி விவகாரம். நடுவுல புகுந்தா நம்ம மூக்குதான் உடையும்."

"உடையட்டும். எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம்தான்."

டீச்சர் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறவர்.

அந்தத் தம்பதி பேக்கரி நடத்துகிறவர்கள். கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள். வாராவாரம் இதே கூத்து. ஊர் எல்லைவரை சேர்ந்து வருவார்கள். முதல் ஏரிக்கரை வந்ததும் பேக்கரிக்காரர் ஒரே மிதியாக மிதித்து முன்னால் போய்விடுவார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்தம்மா எல்லாருக்கும் கடைசியில், தனியாக, ஊர்ந்து வருவார்.

அன்றும் அப்படியே. இரண்டாவது ஏரியும் தாண்டியாயிற்று. சாலை வயல்களுக்கு நடுவே சரிந்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கியது. பாலத்தைக் கடந்தால் மறுபடி ஏற்றம். பெரிய மேடில்லை, ஆனால் நீளம். போகப்போகத் தொடையைப் பிடிக்கும்.

டீச்சர் பாலத்திலேயே காத்திருந்து அந்தம்மாவோடு சேர்ந்துகொண்டார்.

"ஏங்கக்கா, உங்க வீட்டுக்காரருக்குக் கழுத்து திரும்பாதா?"

அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் சிரித்தார். "நல்லாத் திரும்பும்."

"அப்புறம் என்ன? 'வர்றியாம்மா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவார்?"

"அவர் வேகம் அவருக்கு. என் வேகம் எனக்கு."

"இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் இவங்களையெல்லாம் நாம கெடுத்து வச்சிருக்கோம்."

அந்தம்மா பெடலை அழுத்தினார். ஏற்றம் தொடங்கிவிட்டது. சைக்கிள் இப்படியும் அப்படியும் தள்ளாடியது. டீச்சர் நெருங்கிப்போய் அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளினார்.

"கையை எடுங்க டீச்சர்."

குரலில் சிரிப்பு இல்லை.

"உதவிக்குத்தானே..."

"தெரியும். எடுத்துடுங்க. விழுந்தா நானே எந்திரிச்சுக்கறேன். நீங்க முன்னாடி போங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தம்மாமீது கோபம் வரவில்லை. எப்பேர்ப்பட்ட ஆளோடு குடித்தனம் நடத்தினால் ஒருத்தி இப்படி யார் தயவும் வேண்டாமென்று இறுகிப்போவாள்? இன்றைக்கு அந்த மனுஷனை ஒரு பிடி பிடித்துவிடுவது என்று சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தார்.

மேட்டு உச்சியில் எல்லாரும் மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் மட்டும் தள்ளி நின்றார். வந்த சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தப் பக்கம் தெரிந்த ஏரியை ரசிக்கிறாராம்.

டீச்சர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரே அவரிடம் போனார்.

"சார், அங்க உங்க சம்சாரம் நாக்குத் தள்ள வர்றாங்க. நீங்க இங்க நின்னு வேடிக்கை பார்க்கறீங்க. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

அவர் திரும்பவில்லை.

"உங்ககிட்டத்தான் பேசறேன். திரும்பிப் பார்த்தா கிரீடம் இறங்கிடுமா?"

"டீச்சர்," என்றார் அவர் மெதுவாக. "அவ இறங்கித் தள்ளிக்கிட்டு வர்றாளா, மிதிச்சுக்கிட்டு வர்றாளா?"

"நீங்களே பாருங்களேன். கண்ணு இருக்கில்ல?"

"பார்க்கக் கூடாதுன்னு உத்தரவு."

"யார் உத்தரவு?"

"அவதான்."

அப்போதுதான் டீச்சர் கவனித்தார். அவர் ஏரியைப் பார்க்கவே இல்லை; கண்ணை மூடிக்கொண்டு காதைச் சாலைப் பக்கம் வைத்திருந்தார்.

"லாரி மோதி அவளுக்கு இடது கால் போயிடுச்சு டீச்சர். முட்டிக்குக் கீழே செயற்கைக் கால். பேன்ட் மறைச்சிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அவ எந்திரிச்சா ஓடிப்போய்ப் பிடிப்பேன். நடந்தா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுப் பின்னாடியே போவேன். ஒருநாள் கையைத் தட்டிவிட்டுட்டா. 'உங்க கை பின்னாடி இருக்கிறவரைக்கும் இது என் கால் ஆகாது'ன்னு சொல்லிட்டா. சைக்கிள் ஏறும்போது சத்தியமே வாங்கிக்கிட்டா. நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாலும் அங்கேயே இறங்கிடுவாளாம்."

டீச்சர் இன்னும் கொஞ்சம் நெருங்கி அவர் பக்கத்தில் நின்றார்.

"இந்த மேட்டுல ஏறுறது ஒண்ணும் கஷ்டமில்ல டீச்சர். இப்படி நிக்கிறதுதான்..."

டீச்சர் கீழே பார்த்தார். கடைசி வளைவில் அந்தம்மா. தலை கவிழ்ந்திருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் தோள் ஏறி இறங்கியது.

"மிதிச்சுக்கிட்டுதான் வர்றாங்க சார்."

"சரி," என்றார். பெருமூச்சு விட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கடகடவென்று சங்கிலி கழன்ற சத்தம். பிறகு சைக்கிள் தரையில் மோதும் சத்தம். அந்தம்மா சாலையோரப் புல்லில் கிடந்தார்.

மரத்தடியில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். மருந்துக்கடைக்காரர் இறங்கி ஓடப்போனார்.

"யாரும் போகாதீங்க," என்று டீச்சர் கையை நீட்டி மறித்தார்.

பேக்கரிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. "விழுந்துட்டாளா?" என்றார். தலை தன்னால் பின்பக்கம் திரும்பத் தொடங்கியது.

கீழே அந்தம்மா கையை ஊன்றி எழுந்தார். மேலே யாரையும் பார்க்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தினார். சங்கிலியை மாட்டினார். இடது காலைக் கையால் தூக்கிப் பெடலில் வைத்தார்.

டீச்சர் பேக்கரிக்காரரின் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, மறுபடி ஏரிப் பக்கமே திருப்பினார்.

"எந்திரிச்சுட்டாங்க சார். வர்றாங்க. நீங்க திரும்பிப் பார்க்காதீங்க."