தனிக்கொட்டடியில் ஒருவன்

“வாசல் பலகையில கைதிங்க நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு. இங்க நாப்பது பேர்தான் உக்காந்திருக்காங்க. மிச்ச ஒருத்தர் எங்க?”

சபையிலிருந்து ஜெபம் நடத்த வந்திருந்த சிறை ஊழியக் குழுவின் தலைவி கேட்ட தோரணையில், ஜெபத்துக்குக் கண் மூடியிருந்தவர்களும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

“தனிக்கொட்டடியில இருக்காரும்மா,” என்றார் வார்டர்.

“அந்த ஜன்னல் இல்லாத அறையிலயா?”

“ஆமாங்கம்மா.”

அந்த அறையை வார்டர் அறிவார். ஒரு பானை, ஒரு சாக்கு, காலை நீட்டினால் இடிக்கும் சுவர். மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர்.

“போன மாசமும் இதே பதில்தான். என்ன தப்புப் பண்ணினாரு அவரு?”

வார்டர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“நாய்க்குக் கூண்டு கட்டினாக்கூடக் காத்துக்கு வழி விடுவாங்க. நாளைக்கு ஆண்டவர் கேப்பாரு. என்ன பதில் வெச்சிருக்கீங்க?”

உடன் வந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். “இவர்கிட்டப் பேசி என்ன சிஸ்டர்? மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க,” என்றார் ஒருவர்.



பாட்டும் பிரசங்கமும் முடிந்தன. ரொட்டி கொடுத்தாயிற்று. பெண்கள் வேனில் ஏறினார்கள். தலைவி மட்டும் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தார். கண்ணாடி கைப்பையில்தான் இருந்தது.

“மத்தவங்க முன்னால பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. அடுத்த மாசமும் நாங்க வர்றப்ப அவனை இப்படியே உள்ள வெச்சிடுங்க. என் பையன் வெளிநாட்டுல வேலை பாக்கறதா சபையில சொல்லி வெச்சிருக்கேன்.”

முதல் தடவை இதே பெண்மணி அழுதுகொண்டு கேட்டபோது, ஒரு மணி நேரம்தானே என்று இசைந்தவர் வார்டர். அவனிடம் காரணம் சொன்னதில்லை.

“ரெண்டு நாளா அவனுக்குக் காய்ச்சல்மா. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க. யாருக்கும் தெரியாது.”

“வேன் காத்திட்டிருக்கு,” என்றார் தலைவி.

வேன் புறப்பட்ட பிறகு வார்டர் கொட்டடியைத் திறந்தார். உள்ளே இருந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“எங்கம்மா குரல் கேட்டுச்சு சார். என்னை விசாரிச்சாங்களா?”

வார்டர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

“விசாரிச்சாங்களாவா? உன்னைப் பூட்டி வெச்சதுக்கு எல்லார் முன்னாலயும் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க.”