ஜெர்லின் மாதிரி

அமலராணிக்கு வேறு வழி தெரியவில்லை. ஒன்பதாவது படிக்கும் மகன் பிரவின் புத்தகத்தின் முன் உட்காரவே மாட்டேன் என்கிறான். இந்தத் தடவையும் தேறாவிட்டால் டி.சி.தான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவனை இழுத்துக்கொண்டு காரைக்காலில் மூளை நரம்பு டாக்டரிடம் போனாள். எதிர்வீட்டு ஜோஸ்பினிடம் கேட்டு அவள் மகள் ஜெர்லினையும் கூட்டிப் போனாள்.

“இவளும் இவன் க்ளாஸ்தாங்க டாக்டர். படிக்க உக்காந்தா பேர் சொல்லிக் கூப்புட்டாகூட காதுல விழாது. எம்புள்ளைக்கும் இந்த மாதிரி மனசு ஒன்றி நிக்க ஒரு மருந்து குடுங்க.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் இருவருக்கும் ஒரு கணக்கு கொடுத்தார். பிரவின் மின்விசிறியைப் பார்த்தான், பேனாவைக் கடித்தான். கொஞ்சம் எழுதிய ஜெர்லின் அப்படியே அசையாமல் இருந்தாள்.

“பாருங்க டாக்டர்” என்றாள் அமலராணி ஏக்கத்தோடு.

டாக்டர் ஜெர்லினின் முகத்தருகே விரலைச் சொடுக்கினார். கண்கள் அசையவில்லை.

“ஆழ்ந்து வேலை செய்யறப்ப மூளை ‘நான்’ங்கிற நெனப்பத்தாம்மா அடக்கி வைக்கும். வேலை நிக்காது, கை தானா ஓடும். இந்தப் பொண்ணு கை பாதி எழுத்துல நின்னுருச்சு பாருங்க.”

ஜெர்லின் கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கினாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “வலிப்புல இப்படியும் ஒரு வகை இருக்கு. சோதனை பண்ணிப் பாக்கணும். ஒங்க பையன் வெறும் விளையாட்டுப் புள்ள. இவ அம்மாவ உடனே வரச் சொல்லுங்க.”

அமலராணி போனை எடுத்து ஜோஸ்பினை அழைத்தாள். இதைத்தான் என் மகனுக்கும் கொடு என்று அவள் தினமும் மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.