இறக்கையில் ஒரு சிவப்பு ஒட்டு

முதன்முதலாகப் பெருங்கடலைத் தாண்டிய விமானம் அருங்காட்சியகத்தின் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே இருந்த கடையில், அச்சு அசலாக அதைப் போலவே செய்த குட்டி விமானம் ஒன்று விற்பனைக்கு இருந்தது. அது இடது இறக்கையை எப்போதும் சுவர்ப் பக்கமே திருப்பி வைத்திருக்கும்.

"ஏன் கண்ணு, இறக்கையை ஒளிக்கிறே?" என்றது பெரிய விமானம்.

"இறக்கையில சிவப்பா ஒரு ஒட்டு இருக்கு. செஞ்சவங்க கை தவறிட்டாங்க போல. குட்டி விமானம் சேகரிக்கிறவங்க குறை இருந்தா தொடவே மாட்டாங்களாம்."

"என் இறக்கையைப் பாரு."

குட்டி அண்ணாந்து பார்த்தது. அதே இடத்தில் அதே சிவப்பு.

"நடுவழியில புயல் என் துணி இறக்கையைக் கிழிச்சிடுச்சு. ஒரு தீவுல இறங்கினப்போ, விமானி தன் சிவப்புச் சட்டையைக் கிழிச்சு ஒட்டுப் போட்டுத் தைச்சார். அதோடதான் மீதிக் கடலையும் தாண்டினேன்."

குட்டி மெல்லத் திரும்பி நின்றது.

அன்று மாலை ஒரு சிறுமி அதைக் கையில் எடுத்தாள். சிவப்பு ஒட்டை விரலால் தடவினாள்.

"ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள்.

மேலே, பெரிய விமானத்தைத் தாங்கிய கம்பிகள் லேசாக நடுங்கின. இத்தனை வருஷமாக வந்தவர்கள் எல்லோரும் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்டிருந்தார்கள்.