போக்னாவின் அறை

“இப்ப வராதே போக்னா. சொன்னாக் கேளு.”

லூப்ளினிலிருந்து அம்மா போனில் இப்படிச் சொன்னதும் போக்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அயர்லாந்துக்கு வந்து பதினாறு வருடம். இத்தனை நாளும் எப்போது திரும்பி வருவாய் என்று நச்சரித்தவள் இதே அம்மாதான். அப்பா இறந்த பிறகு தனியாகக் கிடக்கிறாளே என்று மனசு கேட்காமல், கணவனையும் சம்மதிக்க வைத்து, ஒரேயடியாகப் போலந்துக்கே வந்துவிடுகிறேன் என்றால் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாள். உடம்புக்கு ஏதாவது வந்து மறைக்கிறாளோ என்ற பயம் வேறு.

சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிட்டாள்.

கதவைத் திறந்த அம்மா நன்றாகத்தான் இருந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழவும் செய்தாள். ஆனால் வாசலில் ஷூவைக் கழற்றிய போக்னாவுக்கு மாட்டிக்கொள்ள, அவளுடைய வீட்டுச் செருப்பைக் காணோம். அது இருந்த இடத்தில் குட்டியாக ஒரு ஜோடி கிடந்தது.

சமையலறையிலிருந்து மாவுக் கையோடு ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள். போக்னாவின் செருப்பு அவள் காலில் இருந்தது.

பெயர் லெஸ்யா என்றும், உக்ரைனில், கார்கிவில் இருந்த வீடு போரில் குண்டு விழுந்து போன பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி வந்தவள் என்றும் அம்மா சொன்னாள். ஆறு மாதமாகப் போக்னாவின் அறையில்தான் இருக்கிறாளாம். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதிலிருந்து சந்தைக்குப் போவது வரை அவள்தானாம்.

போக்னாவுக்குச் சுருக்கென்றது. “இதுக்குத்தான் என்னை வராதேன்னியா?”

சமையலறைக்குக் கேட்காதபடி அம்மா குரலைத் தாழ்த்தினாள். “நீ வந்துட்டா அவ அன்னிக்கே மூட்டை கட்டிடுவா. அவ சுபாவம் அப்படி. பச்சப்புள்ளையோட எங்கடி போவா?”

“நான் நீ பெத்த பொண்ணும்மா.”

“லிமெரிக்ல உனக்கு இடம் கொடுத்த நோராம்மாவும் ஒரு பொண்ணைப் பெத்தவங்கதான்.”

நோராவை மறக்க முடியுமா? அயர்லாந்துக்கு வந்த புதிதில் மூன்று மாதக் குழந்தையோடு மழையில் நின்றவளை உள்ளே அழைத்து, ஆஸ்திரேலியா போயிருந்த தன் மகளின் அறையைத் திறந்துவிட்ட புண்ணியவதி. அவள் மட்டும் இல்லையென்றால் போக்னா அந்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பாள்.

“அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவங்க எனக்கு ஒரு லெட்டர் போட்டாங்க. உன்கிட்ட சொல்ல வேணாம்னு எழுதியிருந்ததால சொல்லலை” என்றபடி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவங்க பொண்ணு ஊருக்கே திரும்பி வரேன்னு ஒத்தைக் கால்ல நின்னாளாம். ஒரு போலந்துப் பொண்ணு கைக்குழந்தையோட உன் ரூம்ல தூங்கறா, அவ எங்க போவான்னு கேட்டுத் தடுத்துட்டாங்களாம்.”